ப்ராக்ஸிக்கு முன்னாலா, பின்னாலா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சேலம் லீ பஜாரில் ஒரு மூட்டை கமிஷன் மண்டி வழியாகக் கைமாறினால் சீட்டு மாறும், எடை மறுபடி போடப்படும், வண்டியும் வேறாகும். சரக்கு மட்டும் அதே. பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸியின் வேலையும் இதுதான். பிரவுசர் ப்ராக்ஸியோடு ஓர் இணைப்பைப் போடுகிறது. ப்ராக்ஸி சர்வரோடு தனியாக இன்னொன்றைப் போடுகிறது. ஹோஸ்ட் ஹெடர் (எந்தப் பெயரைத் தேடி வந்தது என்று ரிக்வெஸ்ட் சொல்லும் வரி), போர்ட், எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, ரிக்வெஸ்ட் வந்த ஐபி, காத்திருக்கும் நேரம் எல்லாமே இடையில் மாறக்கூடியவை. ட்ராஃபிக்கைப் பார்க்க ப்ராக்ஸி வைத்தவுடன் வருகிற கோளாறுகளில் பல இந்த மாற்றங்களால் வருபவை. கோடைத் திறந்து தேடத் தொடங்கினால் மதியம் வரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இங்கே எடுத்துக்கொண்ட அமைப்பு: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றுக்கான கொலுசு ஆர்டர் ஆப். ஏபிஐ சர்வர் 3000ஆம் போர்ட்டில், முன்பக்க டெவ் சர்வர் (வைட்) 5173இல், நடுவில் ப்ராக்ஸி 8080இல். ட்ராஃபிக்கைப் படிக்க மிட்ம்ப்ராக்ஸி (அதன் பிரவுசர் திரை வடிவம் மிட்ம்வெப்). உண்மையான சர்வரில் இருப்பதுபோல் வைத்துப் பார்க்க என்ஜின்எக்ஸ். இரண்டுக்கும் குணம் வேறு என்பதால், பிரியும் இடத்தில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம். கட்டளைகள் ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மிட்ம்வெப் --மோட் ரிவர்ஸ்:எச்டிடிபி://127.0.0.1:3000 --லிசன்-போர்ட் 8080

இதைக் கொடுத்ததும் 8080இல் வருவதெல்லாம் 3000க்குப் போகும். பார்க்கும் திரை 8081இல் திறக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று கர்ல்

கர்ல் என்பது டெர்மினலிலிருந்தே ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி. ஒன்று, ப்ராக்ஸியைத் தொடாமல் 127.0.0.1:3000க்கு நேராக. இரண்டு, அதே பாதையை 8080 வழியாக. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: மறுபடி 3000க்கே நேராக, ஆனால் -எச் கொடுத்து ஹோஸ்ட் ஹெடரை மட்டும் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று மாற்றி. எல்லாவற்றிலும் -வி போட்டு, போன ஹெடர், வந்த ஹெடர் இரண்டையும் பாருங்கள்.

முதலாவதே தோற்றால் ப்ராக்ஸிக்கு இதில் சம்பந்தமில்லை, சர்வரைப் பாருங்கள். ஒன்றும் மூன்றும் சரி, இரண்டு மட்டும் தோல்வி என்றால் ப்ராக்ஸியின் அமைப்பில் அல்லது அது சர்வரை அடையும் வழியில் கோளாறு. மூன்றாவது மட்டும் தோற்றால் சர்வருக்கு அந்த ஹோஸ்ட் பெயர் பிடிக்கவில்லை. மூன்றும் சரி, பிரவுசரில் மட்டும் தோல்வி என்றால் குக்கீ, கோர்ஸ் (பக்கம் வேறொரு முகவரியை அழைத்தால் பிரவுசர் பார்க்கும் அனுமதி), கேஷ், சான்றிதழ் ஆகிய நான்கில் ஒன்று. கர்ல் இந்த நான்கில் முதல் மூன்றைக் கண்டுகொள்வதே இல்லை.

"ப்ராக்ஸி ஓடுகிறது, பட்டியலில் ஒன்றுமே வரவில்லை"

ஆப் நன்றாக வேலை செய்துகொண்டே பட்டியல் காலியாக இருந்தால், ரிக்வெஸ்ட் ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேராக 3000க்குப் போகிறது. முன்பக்க கோடில் ஏபிஐ முகவரி 3000 என்று எழுதி வைத்திருப்பார்கள், அல்லது சூழல் மாறியை மாற்றிவிட்டு டெவ் சர்வரை நிறுத்தித் தொடங்க மறந்திருப்பார்கள். வைட்டில் சர்வர்.ப்ராக்ஸி பகுதியின் டார்கெட்டை 8080 ஆக்குவதுதான் சுத்தமான வழி. பக்கம் 5173இலேயே இருக்கும், ஏபிஐ அழைப்பு மட்டும் 8080 வழியாகப் போகும், கோர்ஸ் தொல்லையும் எழாது.

முதல் பக்கம் மட்டும் பட்டியலில் வந்து, அடுத்த சொடுக்கில் காணாமல் போகிறதா? எச்டிஎம்எல்லில் முழு முகவரியோடு எழுதிய இணைப்புகளை மிட்ம்ப்ராக்ஸி திருத்தாது. அதைச் சொடுக்கியதும் பிரவுசர் நேராக அந்த முகவரிக்குப் போய்விடும். சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசருக்குள் இருந்தே பதில் தரக்கூடிய ஸ்கிரிப்ட்) பதிவாகியிருந்தாலும் பட்டியல் காலியாகலாம். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

திரையே திறக்கவில்லை என்றால் 8081ஐ யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவின் மெட்ரோவுக்கும் அதே போர்ட்தான் இயல்பு. --வெப்-போர்ட் 8082 கொடுத்தால் தீர்ந்தது. திரை திறந்து கடவுச்சொல் கேட்டால் பயப்பட வேண்டாம். 2025 முதல் வந்த பதிப்புகள் டோக்கன் இல்லாமல் விடுவதில்லை. டெர்மினலில் அச்சாகும் முழு முகவரியையும், வால் உட்பட, நகலெடுத்துத் திறங்கள்.

"502 வருகிறது"

502 என்றால் முன்பக்கம் சரி, பின்பக்கம் அறுந்துவிட்டது என்று பொருள். ப்ராக்ஸி உயிரோடு இருப்பதால்தான் 502 என்று சொல்லவே முடிகிறது. காரணம் ப்ராக்ஸியின் லாகில் ஒரே வரியில் இருக்கும்; அதைப் படிக்காமல் ஊகிக்காதீர்கள்.

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று இருந்தால், அந்த முகவரியில் கேட்க ஆள் இல்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி வந்தால் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள். அதற்கு 127.0.0.1, ::1 என்று இரண்டு அர்த்தம் உண்டு. நோட் 17 வந்த பிறகு பெயர்த் தேடலில் கிடைத்த வரிசையையே நோட் பின்பற்றுவதால், லோக்கல்ஹோஸ்டில் கேட்கச் சொன்ன டெவ் சர்வர் ::1இல் மட்டும் உட்கார்ந்துவிடலாம், ப்ராக்ஸி 127.0.0.1இல் தட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸில் எஸ்எஸ் -எல்டிஎன்பி கொடுத்தால் யார் எந்த முகவரியில் கேட்கிறார்கள் என்று தெரியும். விண்டோஸில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ. இரு பக்கமும் 127.0.0.1 என்று எண்ணாலேயே எழுதுவதுதான் எங்கள் பழக்கம். பெயரை நம்பி நேரம் வீணாக்குவதில் லாபம் ஒன்றுமில்லை.

ப்ராக்ஸி டாக்கருக்குள் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி டப்பாவில் ஓட்டும் கருவி) இருந்தால் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் மடிக்கணினியை அல்ல. ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்று கொடுங்கள். லினக்ஸில் அந்தப் பெயர் தானாக வராது. --ஆட்-ஹோஸ்ட் வழியாக அதை ஹோஸ்ட்-கேட்வே என்ற சொல்லோடு இணைக்க வேண்டும். சர்வரும் 0.0.0.0இல் கேட்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு "அப்படியும் வரலையே" என்று நிற்பவர்களே அதிகம்.

காலையில் ஓடியது, சர்வர் கன்டெய்னரை மறுபடி கட்டிய பிறகு 502 என்றால் என்ஜின்எக்ஸின் வழக்கம் காரணம். ப்ராக்ஸி பாஸில் எழுதிய பெயரை அது தொடங்கும்போது ஒருமுறைதான் தேடும். புதுக் கன்டெய்னருக்குப் புது ஐபி. என்ஜின்எக்ஸ் பழையதிலேயே நிற்கும். ரீலோட் கொடுத்தால் சரியாகும். நிரந்தரத் தீர்வுக்கு ரிசால்வராக டாக்கரின் 127.0.0.11ஐக் கொடுத்து, முகவரியை ஒரு மாறியில் வைத்து எழுதுங்கள்.

லாகின் ஆகும் பக்கத்தில் மட்டும் 502, லாகில் "அப்ஸ்ட்ரீம் சென்ட் டூ பிக் ஹெடர்" என்றால், சர்வர் அனுப்பும் குக்கீயும் டோக்கனும் சேர்ந்து என்ஜின்எக்ஸ் ஹெடருக்கு ஒதுக்கிய 4 அல்லது 8 கிலோபைட்டைத் தாண்டிவிட்டன. ப்ராக்ஸி_பஃபர்_சைஸை 16கே ஆக்கி, ப்ராக்ஸி_பஃபர்ஸையும் 8 16கே என்று கூட்டினால் நிற்கும். ஆனால் குக்கீ ஏன் அவ்வளவு பெருத்தது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பின்பக்கம் எச்டிடிபிஎஸ்ஸாக இருந்து, சொந்தமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ் என்றால் மிட்ம்ப்ராக்ஸி சரிபார்ப்பில் தோற்று 502 தரும். -கே கொடுத்தால் சரிபார்ப்பையே விட்டுவிடும். டெவலப்மென்ட் சர்வருக்கு அது போதும். அதே கட்டளையை உண்மையான பேமென்ட் சர்வரை நோக்கித் திருப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

"400, அல்லது இந்த ஹோஸ்ட் அனுமதி இல்லை"

ஹோஸ்ட் ஹெடர் விஷயத்தில் இரண்டு பக்கமும் இடி. கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள்.

மிட்ம்ப்ராக்ஸியின் ரிவர்ஸ் முறை இயல்பாகவே ஹோஸ்டைப் பின்பக்க முகவரியாக, அதாவது 127.0.0.1:3000 என்று, மாற்றி அனுப்புகிறது. என்ஜின்எக்ஸும் எதுவும் சொல்லாவிட்டால் அதையே செய்கிறது. சர்வருக்குத் தெரிந்த பெயர் என்பதால் அது மறுக்காது. ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் சர்வர் முழு முகவரிகளைக் கட்டும். ரீடைரக்ட் 3000க்குப் போகும், மின்னஞ்சலில் போகும் இணைப்பு 3000 என்று இருக்கும், பிரவுசர் ப்ராக்ஸியை விட்டு நழுவிவிடும். ஜாங்கோ 4.0க்குப் பிறகு இன்னொன்றும் சேரும்: பிரவுசர் அனுப்பும் ஆரிஜின் (பக்கம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது) 8080 என்கிறது, ஹோஸ்ட் 3000 என்கிறது, படிவத்தை அனுப்பினால் 403.

மாறாக, மிட்ம்ப்ராக்ஸியின் கீப்_ஹோஸ்ட்_ஹெடரை ட்ரூ ஆக்கினால் (என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் வரியில் டாலர் போட்டு எச்டிடிபி_ஹோஸ்ட்) பிரவுசர் சொன்ன பெயர் அப்படியே போகும். முகவரிகள் சரியாக வரும். இப்போது சர்வர் "நீ யார்?" என்று கேட்கும். ஜாங்கோவின் அலவ்ட்_ஹோஸ்ட்ஸில் பெயர் இல்லாவிட்டால் 400. வெப்பேக் டெவ் சர்வர் "இன்வாலிட் ஹோஸ்ட் ஹெடர்" என்று ஒற்றை வரிப் பக்கம் காட்டும். வைட்டும் 2025 ஜனவரியில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு அலவ்ட்ஹோஸ்ட்ஸில் இல்லாத பெயரை மறுக்கிறது.

இரண்டில் ஒன்று என்றால் ஹோஸ்டை அப்படியே விட்டு, அனுமதிப் பட்டியலில் சேர்ப்பதுதான் நல்லது. கோளாறு உடனே, சத்தமாக வரும். ஹோஸ்டை மாற்றி அனுப்பினால் எல்லாம் ஓடுவதுபோல் தெரிந்து, மூன்று நாள் கழித்து ஏதோ ஒரு ரீடைரக்டில் கழுத்தறுக்கும். பட்டியலில் நட்சத்திரம் போட்டு எல்லோரையும் உள்ளே விடுவது வேண்டாம். வெளித்தளம் ஒன்று தன் பெயரை உங்கள் கணினியின் முகவரிக்குத் திருப்பி நுழையும் டிஎன்எஸ் ரீபைண்டிங் தாக்குதலுக்கு அது திறந்த கதவு.

"சுற்றிச் சுற்றி ரீடைரக்ட் ஆகிறது"

முன்பக்கம் எச்டிடிபிஎஸ், பின்பக்கம் எச்டிடிபி. சர்வர் தனக்கு எச்டிடிபி வந்ததைப் பார்த்து எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்கிறது. பிரவுசர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரில் எச்டிடிபிஎஸ் என்று அனுப்பி, அதை நம்பும்படி சர்வருக்கும் சொல்ல வேண்டும்: எக்ஸ்பிரஸில் ட்ரஸ்ட் ப்ராக்ஸி, ஜாங்கோவில் செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர். மிட்ம்ப்ராக்ஸி இந்த ஹெடரைத் தானாகச் சேர்ப்பதில்லை; மாடிஃபை-ஹெடர்ஸ் வழியாக நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எச்டிடிபி என்று தட்டினாலும் பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றிக்கொள்கிறது என்றால் முன்பு எப்போதோ அந்தப் பெயருக்கு எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா என்ற கட்டளை) பதிவாகியிருக்கிறது. டாட் டெவ் என்று முடியும் பெயர்கள் முழுவதும் பிரவுசருக்குள்ளேயே எச்எஸ்டிஎஸ் பட்டியலில் உள்ளன. சோதனைப் பெயருக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டாட் லோக்கல்ஹோஸ்ட் நல்லது.

"லாகின் ஆகிறது, அடுத்த பக்கத்தில் வெளியே தள்ளுகிறது"

பட்டியலில் லாகின் ரெஸ்பான்ஸைத் திறந்து செட்-குக்கீ வரியைப் படியுங்கள். அடுத்த ரிக்வெஸ்டில் குக்கீ ஹெடர் இருக்கிறதா? இல்லையென்றால் பிரவுசர் அதை வாங்கிக் குப்பையில் போட்டிருக்கிறது.

டொமைன் பகுதியில் உண்மையான தளத்தின் பெயர் இருந்தால், லோக்கல்ஹோஸ்டில் அது செல்லாது. என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி_குக்கீ_டொமைன் அதை மாற்றித் தரும். செக்யூர் என்று இருந்தால் விஷயம் நுட்பமானது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் லோக்கல்ஹோஸ்டை நம்பகமான இடமாக எடுத்துக்கொண்டு எச்டிடிபியிலும் செக்யூர் குக்கீயை ஏற்கின்றன. அதே பக்கத்தைப் போனில் 192.168.1.23:8080 என்று திறந்தால் ஏற்காது. மேசையில் ஓடுகிற லாகின், பட்டறையில் போனில் ஓடாததற்கு பெரும்பாலும் இதுவே காரணம். சேம்சைட்=நன் என்று இருந்தால் செக்யூரும் கட்டாயம்.

நேர்மாறான வினோதம் ஒன்றும் உண்டு. குக்கீ போர்ட்டைப் பார்ப்பதில்லை. லோக்கல்ஹோஸ்டின் 3000, 5173, 8080 மூன்றும் ஒரே குக்கீ டப்பாவைப் பகிர்கின்றன. இரண்டு ப்ராஜெக்ட்டிலும் குக்கீ பெயர் செஷன்ஐடி என்றால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். லோக்கல் ஸ்டோரேஜோ போர்ட்டுக்குப் போர்ட் தனி. டோக்கனை அங்கே வைத்தால், 3000இல் லாகின் ஆனவர் 8080இல் அந்நியர். இரண்டையும் ஒரே பிழையாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

"கோர்ஸ் பிழை"

பக்கம் 5173, ஏபிஐ 8080. போர்ட் வேறானாலே ஆரிஜின் வேறு. மேலே சொன்னபடி டெவ் சர்வரின் ப்ராக்ஸி வழியாக அனுப்பினால் இந்தக் கேள்வியே எழாது. அனுமதி ஹெடரைச் சர்வரும் போட்டு, என்ஜின்எக்ஸிலும் போட்டு, இரண்டு முறை வந்தால் பிரவுசர் இரண்டையும் மறுக்கும். ஒரே இடத்தில் போடுங்கள். ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் 401 வாங்குகிறதா என்றும் பட்டியலில் பாருங்கள். முன்னோட்ட ரிக்வெஸ்டில் லாகின் விவரம் இருக்காது. அதைத் தடுக்கக் கூடாது.

"போனில் வரவே இல்லை"

படிப்படியாக இறங்குவோம். போனின் பிரவுசரில் மடிக்கணினியின் வைஃபை ஐபியோடு 8080ஐத் திறங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபயர்வால்: விண்டோஸில் அந்த வைஃபை பப்ளிக் என்று பதிவாகியிருக்கலாம், உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ அலவ் 8080/டிசிபி கொடுக்க வேண்டியிருக்கலாம். ஃபயர்வாலை அணைத்தும் வரவில்லையென்றால் ரவுட்டரே ஒரு கருவியை இன்னொன்றோடு பேசவிடாமல் தடுக்கிறது. கெஸ்ட் வைஃபை, ஐந்து ரோடு பக்கம் காபிக்கடை வைஃபை போன்றவற்றில் இது சாதாரணம். போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியைச் சேர்த்தால் வழி பிறக்கும். நேற்று ஓடிய முகவரி இன்று ஓடவில்லையா? கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழுந்தபோது வேறு ஐபி கொடுத்திருக்கும். ரவுட்டரில் மடிக்கணினிக்கு நிலையான ஐபி ஒதுக்கி வையுங்கள்.

மிட்ம்ப்ராக்ஸியின் லாகில் "பிளாக்_குளோபல்" என்ற சொல்லோடு இணைப்பு முறிந்ததாக வந்தால், வைஃபையில் ஐபிவி6 இருக்கிறது. போனுக்குக் கிடைத்த ஐபிவி6 முகவரி உலகம் முழுவதும் செல்லுபடியாவது. வெளியாள் வருகிறான் என்று ப்ராக்ஸி கதவைச் சாத்துகிறது. ஐபிவி4 முகவரியாலேயே திறங்கள். அந்தக் காவலை எடுத்துவிடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டு என்றால் வைஃபையே வேண்டாம். யுஎஸ்பி கேபிள் போட்டு, ஆண்ட்ராய்டின் டெவலப்பர் கருவியான ஏடிபியில், ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8080 டிசிபி:8080 என்று கொடுத்தால் போனின் லோக்கல்ஹோஸ்ட்:8080 உங்கள் மடிக்கணினிக்கு வரும். செக்யூர் குக்கீ சிக்கலும் குரோமில் கூடவே தீரும். எமுலேட்டரில் மடிக்கணினியைக் குறிக்கும் முகவரி 10.0.2.2.

பிரவுசரில் வருகிறது, ஆப்பில் வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் இரண்டு விதிகள்: 9ஆம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ குறிவைத்துக் கட்டிய ஆப்புகள் எச்டிடிபியை இயல்பாக மறுக்கும், 7ஆம் பதிப்பிலிருந்து, பயனர் நிறுவிய சான்றிதழை ஆப்புகள் இயல்பாக நம்பாது. இரண்டையும் நெட்வொர்க் செக்யூரிட்டி கோப்பில் மாற்றலாம். சான்றிதழை டீபக்-ஓவர்ரைட்ஸுக்குள் வைத்தால் கடைக்குப் போகும் ஆப்பில் அது ஒட்டிக்கொண்டு போகாது. ஐபோனில் சான்றிதழ் நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட், அதன் அடியில் சர்டிஃபிகேட் டிரஸ்ட் பகுதியில் அதை இயக்க வேண்டும்.

மிட்ம்ப்ராக்ஸியின் சான்றிதழ் வீட்டு அடைவில் டாட் மிட்ம்ப்ராக்ஸி என்ற மறைந்த கோப்புறையில் இருக்கிறது. மிட்ம்.ஐடி பக்கத்தில் இறக்கச் சொல்லும் குறிப்புகள் சாதாரண ப்ராக்ஸி முறைக்கானவை. ரிவர்ஸ் முறையில் அந்தப் பக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். உள்ளூர்ச் சான்றிதழ் செய்யும் எம்கேசர்ட் கருவி கொண்டு செய்த சான்றிதழைக் கொடுப்பதானால் சான்றிதழையும் சாவியையும் ஒரே பெம் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டித்தான் --சர்ட்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.

சோதிப்பவர் ஏற்காட்டில், மொபைல் டேட்டாவில் இருக்கிறார் என்றால் உங்கள் 192.168 முகவரி அவருக்கு எட்டாது. பொதுவெளியில் இருக்கும் சிறிய சர்வர் ஒன்றுக்கு எஸ்எஸ்எச் -ஆர் கொண்டு சுரங்கம் போடலாம். ஆனால் அது இயல்பாக அந்தச் சர்வரின் 127.0.0.1இல்தான் திறக்கும். அதை வெளியாருக்கும் திறந்துவிடும் கேட்வேபோர்ட்ஸ் அமைப்பை மாற்றாமல், அங்கே ஓர் என்ஜின்எக்ஸ் வைத்து, கடவுச்சொல் போட்டு, சுரங்கத்துக்குத் திருப்புங்கள். சுரங்கம் வழி வருவது மிட்ம்ப்ராக்ஸிக்கு உள்ளூர் இணைப்பாகத் தெரியும். பிளாக்_குளோபல் இங்கே உங்களைக் காக்காது என்பதும் அதனால்தான்.

"மலையேறும்போது ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது"

ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வரும். என்ஜின்எக்ஸ் லாகில் 499 இருந்தால் போன் பக்கம் இணைப்பு முறிந்ததென்று அர்த்தம். அது சர்வர் அனுப்பிய எண் அல்ல. என்ஜின்எக்ஸ் தானே எழுதிக்கொள்வது. அதற்குள் ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய் ஆர்டர் பதிவாகியிருக்கும். பதில் மட்டும் வந்து சேரவில்லை. ஆப் மறுபடி அனுப்புகிறது, இரண்டு ஜோடி கொலுசு.

இதை மேசையிலேயே வரவழைக்கலாம். மிட்ம்ப்ராக்ஸியில் இன்டர்செப்ட் வடிகட்டியாக ~எஸ் கொடுத்தால் ரெஸ்பான்ஸ் மட்டும் நிறுத்தி வைக்கப்படும். ஆர்டரை அனுப்பி, பதிலை நிறுத்திய நிலையிலேயே போனை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றுங்கள், மறுபடி இயக்குங்கள். பட்டியலில் இரண்டு போஸ்ட் வந்தால் பிழை கையில் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆப்பே ஒரு தனி எண் உருவாக்கி ஹெடரில் அனுப்ப, சர்வர் அதே எண்ணை இரண்டாம் முறை கண்டால் பழைய பதிலையே தர வேண்டும். அந்த ஹெடரின் பெயரில் அடிக்கோடு வைக்காதீர்கள்: அடிக்கோடு உள்ள ஹெடரை என்ஜின்எக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் விழுங்கிவிடும். இடைக்கோடு போடுங்கள்.

"தொங்கிக்கொண்டே நிற்கிறது"

மேலே செய்த சோதனையின் இன்டர்செப்டை எடுக்க மறந்தீர்களா? கன்சோல் திரையில், நிறுத்தியதை விடுவிக்கச் சின்ன ஏ விசை, எல்லாவற்றையும் விடுவிக்கப் பெரிய ஏ. இதை முதலில் பாருங்கள். வெட்கப்படும் அளவுக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

சரியாக 60 விநாடியில் 504 என்றால் என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட். மாதக் கணக்கு அறிக்கை போன்ற நீண்ட வேலைக்கு அந்தப் பாதைக்கு மட்டும் கூட்டுங்கள். பதில் துளித்துளியாக வர வேண்டியது கடைசியில் மொத்தமாகக் கொட்டுகிறது என்றால் பஃபரிங்; ப்ராக்ஸி_பஃபரிங் ஆஃப், அல்லது சர்வரே எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ என்று அனுப்பலாம். மிட்ம்ப்ராக்ஸியும் பாடி முழுதும் வரும்வரை பிடித்து வைக்கும் குணமுடையது. பெரிய கோப்புகளுக்கு ஸ்ட்ரீம்_லார்ஜ்_பாடீஸ் 3எம் என்று வைத்தால் அதற்கு மேற்பட்டவை நிற்காமல் போகும், ஆனால் திரையில் அவற்றின் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது.

டிசைன் படம் ஏற்றும்போது 413 என்றால் வரம்பு 1 மெகாபைட்: கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ். போன் கேமரா படம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது.

"ஹாட் ரீலோட் நின்றுவிட்டது"

காரணம் வெப்சாக்கெட், அதாவது மூடாமல் திறந்தே இருக்கும் இணைப்பு. மிட்ம்ப்ராக்ஸிக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. என்ஜின்எக்ஸில் எச்டிடிபி 1.1, அப்கிரேட் ஹெடர், கனெக்ஷன் ஹெடர் மூன்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும். இணைந்து, சும்மா இருந்து, ஒரு நிமிடத்தில் அறுந்தால் மறுபடி அதே 60 விநாடிதான். 30 விநாடிக்கு ஒரு பிங் அனுப்பினால் போதும். வைட்டின் பக்கத்தையே 8080 வழியாகத் திறந்தால் ஹாட் ரீலோடுக்கான எச்எம்ஆர் பகுதியில் கிளையன்ட்போர்ட் 8080 என்று கொடுங்கள்.

"பட்டியலில் வருகிறது, பாடி காலி"

304 (எதுவும் மாறவில்லை என்ற பதில்) ஆக இருக்கும். பிரவுசர் பழைய நகலையே வைத்துக்கொள்கிறது. ஆன்டிகேஷ் இயக்கினால் நிபந்தனை ஹெடர்கள் நீக்கப்பட்டு முழுப் பதில் வரும். சுருக்கிய உள்ளடக்கம் ஸ்கிரிப்டில் தொல்லை தந்தால் ஆன்டிகாம்ப்.

"404, நேராகப் போனால் மட்டும் சரி"

என்ஜின்எக்ஸில் லொக்கேஷன் /ஏபிஐ/ என்று இருந்து, ப்ராக்ஸி பாஸ் முகவரியின் முடிவில் ஒற்றைச் சாய்கோடு இருந்தால் /ஏபிஐ/ என்ற பகுதி வெட்டப்பட்டுப் போகும். சாய்கோடு இல்லாவிட்டால் முழுப் பாதையும் போகும். சர்வருக்கு எது தேவை என்று பார்த்து வையுங்கள்.

"கையொப்பம் பொருந்தவில்லை"

பேமென்ட் வெப்ஹுக்குகள் (பணம் வந்ததும் உங்கள் சர்வருக்கு வரும் அறிவிப்புகள்) பாடியின் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்து எச்மேக் என்ற கையொப்பத்தைக் கணக்கிடுகின்றன. எடை 12.500 என்று வந்த ஜேசனை ஒரு ஸ்கிரிப்ட் பிரித்து மறுபடி எழுதினால் 12.5 ஆகிவிடும். மதிப்பு அதே, பைட் வேறு, கையொப்பம் தோல்வி. ப்ராக்ஸியில் மாடிஃபை-பாடியோ ஸ்கிரிப்டோ ஏற்றியிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் தோற்றால் சர்வரே பிரித்த ஜேசனிலிருந்து கணக்கிடுகிறதா என்று பாருங்கள். மூல பைட்டுகளிலிருந்துதான் கணக்கிட வேண்டும். எஸ்3 வகைச் சேமிப்பில் ஹோஸ்டும் கையொப்பத்தில் சேரும், ஆகவே அங்கே கீப்_ஹோஸ்ட்_ஹெடர் கட்டாயம்.

"ப்ராக்ஸி வைத்தால் பிழையே காணோம்"

நேர இடைவெளி மாறியதால் ரேஸ் கண்டிஷன் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) ஒளிந்துகொண்டது, அல்லது ஹோஸ்ட், ஐபி மாறியதால் சர்வர் வேறு வழியில் போகிறது. முதலில் கீப்_ஹோஸ்ட்_ஹெடரை மாற்றிப் பாருங்கள். பலனில்லையென்றால் இரண்டு ரிக்வெஸ்டுகளில் ஒன்றை மட்டும் இன்டர்செப்டில் நிறுத்தி, மற்றதை முன்னால் விடுங்கள். பிறகு வரிசையை மாற்றுங்கள். எந்த வரிசையில் உடைகிறது என்பது தெரிந்துவிடும்.

வேலை முடிந்து கிளம்பும்போது: பிடித்த ட்ராஃபிக்கைச் சேமித்த ஃப்ளோ கோப்பில் கடவுச்சொல், டோக்கன், வாடிக்கையாளர் எண் எல்லாம் திறந்தபடி இருக்கின்றன. கிட்டில் ஏற்றாதீர்கள், வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். ஏடிபி ரிவர்ஸ் --ரிமூவ்-ஆல் கொடுத்துவிட்டு, சோதனைப் போனிலிருந்து சான்றிதழையும் எடுத்துவிடுங்கள்.